ஸ்பெக்ட்ரம்: கற்றையா, மாலையா?

மண்டபம் பக்கத்து ஊர் ஒன்றில் மீனவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. செயற்கைக்கோளை வைத்து மீன் கூடும் இடத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று விளக்கும் வகுப்பு. திரையில் வந்த முதல் படமே 'மின்காந்த அலைக்கற்றை'. பேச வந்த பையன் அதை வாசித்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர், "எந்த அலையத் தம்பி சொல்றீங்க, தென்கடலா வடகடலா?" என்றார். கூடமே சிரித்தது, ஆனால் அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் சொல்லிப் பழகியவர்களுக்கு அலை என்றால் வள்ளத்தில் வந்து அடிப்பதுதான்.

சரி, அலை என்ற சொல்லை மாற்ற முடியாது, இயற்பியலிலும் அது அலைதான், இரண்டு நிமிடம் ஒதுக்கினால் விளக்கிவிடலாம். என் சண்டை கற்றையோடு, ஸ்பெக்ட்ரம் என்பதற்குத் தமிழில் அலைக்கற்றை என்று போடுகிறார்களே, அதோடு.

மூலச்சொல்லை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல், பார்ப்பது என்ற வேரிலிருந்து வந்தது, தோற்றம், ஆவியுரு என்று பொருள். கண்ணாடிப் பட்டகத்தில் புகுந்த வெயில் சிவப்பு முதல் ஊதா வரை பிரிந்து விழுந்ததே, அதற்கு நியூட்டன் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார், 1672இல் வெளிவந்த கட்டுரையில். 1800இல் ஹெர்ஷல் சிவப்புக்கு அந்தப் பக்கம், நிறமே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், சூடு ஏறியது. அடுத்த ஆண்டே ரிட்டர் ஊதாவுக்கு அந்தப் பக்கமும் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அப்புறம் ஒளியும் மின்காந்த அலைதான் என்று சொன்ன மேக்ஸ்வெல், ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டிய ஹெர்ட்ஸ். இன்று காமாக் கதிரில் தொடங்கி ரேடியோ அலை வரைக்கும் முழு வரிசைக்கும் அந்தப் பழைய பெயர்தான்.

இப்போது கற்றைக்கு வருவோம். கற்றை என்றால் என்ன? முடிக்கற்றை, வைக்கோல் கற்றை. பலதைச் சேர்த்து ஒரு பிடியாகப் பிடித்தால் கற்றை. அதில் எது முதல், எது கடைசி என்ற பேச்சே கிடையாது. ஸ்பெக்ட்ரத்தின் உயிரே வரிசையில்தான் இருக்கிறது, அலைநீளம் குறைந்தது ஒரு முனை, கூடியது மறுமுனை, நடுவில் எதையும் இடம் மாற்றி வைக்க முடியாது. போதாக்குறைக்குப் பள்ளிப் பாடத்தில் ஒளிக்கற்றை என்று ஏற்கனவே படித்திருக்கிறோம், டார்ச் அடித்தால் நீளமாகப் போகிறதே, அது. பிரிக்காமல் சேர்ந்து போவது கற்றை, பிரித்து அடுக்கினால் ஸ்பெக்ட்ரம். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் ஏறவில்லை என்று குறைப்பட்டால் எப்படி?

இது எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று எல்லோருக்கும் தெரியும். 2ஜி விவகாரம். 2010இலிருந்து தினமும் தலைப்புச் செய்தியில் 'அலைக்கற்றை ஒதுக்கீடு', 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தபோதும் அதேதான். அங்கே அந்தச் சொல் அவ்வளவு மோசமில்லை, ஒத்துக்கொள்கிறேன், கம்பெனிக்கு இத்தனை என்று கட்டுக் கட்டாகப் பிரித்துக் கொடுப்பது கற்றைதான். ஏலக் கடைக்குச் சரியான சொல்லைத் தூக்கி வந்து இயற்பியல் புத்தகத்தில் வைத்ததுதான் தப்பு. "வழக்கில் வந்துவிட்டதே" என்கிறார் ஒரு நண்பர். வழக்கில் வந்தது செல்போனுக்கு, செயற்கைக்கோள் படத்துக்கு இல்லை.

அப்படியானால் பாடநூலின் 'நிறமாலை'? கண்ணுக்குத் தெரியும் துண்டுக்கு, அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரைக்கும், அதைவிட நல்ல சொல் கிடையாது. முழுசுக்கும் போட்டால்தான் வம்பு. ராமநாதபுரம் மாவட்டத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல கண்மாய்கள் ரத்தச் சிவப்பாக இருக்கும். அது செம்மண் இல்லை, சீமைக் கருவேலம். இலை அகச்சிவப்பை, அதாவது சிவப்புக்கு அந்தப் பக்கம் ஹெர்ஷல் கண்டதை, நன்றாகத் திருப்பி அனுப்பும், அதைக் கண்ணுக்குக் காட்ட நாம்தான் சிவப்புச் சாயம் பூசுகிறோம். தண்ணீர் அந்த அலையை விழுங்கிவிடும், அதனால் நிறைந்த கண்மாய் கறுப்பாகத் தெரியும். நிறமே இல்லாத ஒன்றை நிறமாலை என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்தச் சிவப்பை நிஜமென்றுதான் நம்புவார்கள்.

ஆகவே முழு வரிசைக்கு அலைமாலை, தெரிகிற பகுதிக்கு நிறமாலை, அதில் ஒரு துண்டுக்குப் பட்டை. ராமேஸ்வரத்தில் கடைத்தெருவில் சிப்பி மாலை தொங்குமே, அரிசி அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெருத்து வரும்படி கோத்தது, அதைப் பாருங்கள். பக்கத்துக் கூடையில் அதே சிப்பி குவியலாகக் கிடக்கும். அதை யாரும் மாலை என்று விற்பதில்லை. மாலை வடமொழியா தமிழா என்று யாராவது கிளம்பினால் எனக்கு இப்போது தெம்பு இல்லை, அம்மா கட்டுவதும் மாலைதான்.

இப்படி வைத்துக்கொண்டால் வாக்கியமும் தடுக்காமல் போகிறது. 2009இல் போன ஓசன்சாட்-2இன் கடல்நிறக் கருவி அலைமாலையில் 8 பட்டைகளைப் பார்த்தது, 6 நிறமாலைக்குள், 2 சிவப்புக்கு அப்பால். கடலில் பச்சையம் எங்கே கூடியிருக்கிறது என்று இவற்றிலிருந்து தெரியும், நீர்மேல் சூட்டை வேறு செயற்கைக்கோளின் வெப்பப் பட்டை சொல்லும், இரண்டையும் சேர்த்துத்தான் ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையத்திலிருந்து மீன் கூடும் இடம் பற்றிய அறிவிப்பு வருகிறது. மேகம் மூடினால் இவை குருடு, அப்போது மைக்ரோ அலைப் பட்டைதான் கை கொடுக்கும். இதில் எங்காவது கற்றையைப் போட்டுப் படித்துப் பாருங்கள்.

அகச்சிவப்பு என்று நானே எழுதிவிட்டேன், அதுவும் கோளாறுதான். ஆங்கிலத்தில் அது இன்ஃப்ராரெட், இன்ஃப்ரா என்றால் கீழே. உள்ளே என்று பொருள்படும் இன்ட்ரா என்று நினைத்து யாரோ 'அகம்' போட்டிருக்க வேண்டும். சிவப்புக்கு உள்ளேயா இருக்கிறது அது? கீழ்ச்சிவப்பு என்றிருக்கலாம், இனி மாற்றுவது கஷ்டம். ரிமோட் சென்சிங்குக்கு வைத்த 'தொலையுணர்வு' இன்னொன்று, எங்கோ இருக்கிற மகனுக்கு அடிபட்டால் இங்கே தாய்க்கு நெஞ்சு பதறுமே, அதற்குப் பொருந்தும். செயற்கைக்கோள் எதையும் உணர்வதில்லை, அளக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை ஒரு கையில் பிடித்தால் போதாது, பொருள் தெரிந்த ஒருவரிடம் அரைமணி நேரம் பேசவும் வேண்டும். முடிந்தால் முன்வரிசைப் பெரியவரிடம். தண்ணீர் நிறத்தைப் பார்த்து அடியில் பார் என்கிற பாறைத்திட்டு இருக்கிறதா மணல் இருக்கிறதா என்று சொல்கிற மனிதருக்கு இதெல்லாம் புதிதே இல்லை.

போன வாரம் அதே கூடத்தில் அடுத்த வகுப்புக்கு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். 'மின்காந்த அலைகற்றை' என்று இருந்தது. இப்போது ஒற்றும் போய்விட்டது.