கனம் போதவில்லை என்று மணலைக் கொட்டாதீர்கள்

இந்த வருஷத்தில் எனக்கு இது மூன்றாவது பாய்லர் கதவு. ராணிப்பேட்டை பக்கம் ஒரு டேனரி, விறகு பாய்லர். கதவுக்குள் சூட்டைத் தடுக்கப் பூசிய இன்சுலேஷன் காஸ்டபிள் (மூட்டையில் வரும், தண்ணீர் விட்டுக் கலந்து ஊற்றும் உலைக் கலவை) பாளம் பாளமாகக் கழன்று, வெளித்தகட்டில் பெயிண்ட் கருகிக் கிடந்தது. "மூட்டையே சரியில்லை சார்" என்றார் மேஸ்திரி. விழுந்த துண்டை உடைத்தேன். உள்ளே ஆற்று மணல். அப்புறம்தான் உண்மை வந்தது: "பொரி மாதிரி லேசா இருந்துச்சு சார். நிக்குமான்னு பயந்து ரெண்டு சட்டி மணலும் கொஞ்சம் சாதா சிமெண்டும் போட்டேன்."

அந்தப் பொரிக்குத்தானய்யா முதலாளி காசு கொடுத்தார்! இன்சுலேஷன் காஸ்டபிளில் இருக்கும் வெர்மிகுலைட், சூட்டில் உப்ப வைத்த ஒருவகை அபிரகம். அதன் அடுக்குகளுக்குள் சிக்கிய காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. ஜல்லி கான்கிரீட் கன மீட்டருக்கு 2400 கிலோ என்றால், இது அதில் பாதிகூட வராது. வரவும் கூடாது. வீட்டுத் தளத்துக்குக் கனம் பலம். உலைக்கு அந்தக் கணக்கு செல்லாது.

மணல் போட்டால் என்ன ஆகும்? அதிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று வீங்கும், பூச்சு பிளக்கும். சாதா சிமெண்ட் அதைவிட மோசம். 400, 500 டிகிரியில் அதிலுள்ள சுண்ணாம்பு நீரை இழந்துவிடும். பாய்லரை நிறுத்தினால் காற்றின் ஈரத்தைக் குடித்து மறுபடி வீங்கி உதிரும். காஸ்டபிளில் இருப்பது ஹை அலுமினா சிமெண்ட், அது வேறு ஜாதி. இரண்டையும் கலந்தால் சட்டியிலேயே இறுகிவிடும். "கொஞ்சம்தான் போட்டேன்" என்பதெல்லாம் பதிலே இல்லை.

மிக்ஸரில் பழைய சிமெண்ட் ஒட்டியிருந்தால் சுரண்டிக் கழுவுங்கள். குடிநீர் மட்டும் ஊற்றுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு உங்களுக்கே தெரியும். மூட்டையில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு மக் தண்ணீர்கூட வேண்டாம். ரொம்ப நேரம் கலக்காதீர்கள், வெர்மிகுலைட் நொறுங்கும். திமிசுக் கட்டையால் இடிக்காதீர்கள். தூசி பறக்கும், முகமூடி போடுங்கள். இன்னொன்று, இது அடி தாங்காது. விறகு இடிக்கும் பக்கம் கனமான காஸ்டபிளோ ஃபயர் பிரிக்கோ இருக்கட்டும், இது அதற்குப் பின்னால்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பாய்லர் நின்றால் வேலையும் நிற்கிறது, தெரிகிறது. ஆனாலும் 24 மணி நேரம் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள், பிறகு காற்றாட விடுங்கள். முதல் நெருப்பு நாலு சுள்ளி போதும். மணிக்கு 25, 30 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 110 டிகிரி வாக்கில் நிறுத்தி, ஆவி அடங்கும்வரை பொறுங்கள். மறுநாளே முழு நெருப்பு போட்டால் பூச்சு வெடித்துத் தெறிக்கும். கதவுக்கு எதிரே நிற்பவர் பாய்லருக்கு விறகு போடும் உங்கள் ஃபயர்மேன்.

அந்தக் கதவை மறுபடி ஊற்றியாயிற்று. காய்ந்துகொண்டிருக்கிறது. "நாளைக்குப் பத்த வெச்சிடலாமா சார்?" என்று இரண்டு முறை போன் வந்துவிட்டது.