கடல் தண்ணீர் டெட்டால் இல்லை, ஐயா!

"கெளுத்தி முள்ளுதான் சார், லேசா குத்துச்சு. கடல் தண்ணியிலயே நல்லா கழுவிட்டேன்." இப்படிச் சொல்லிக்கொண்டு போன வாரம் வந்தவருக்குக் கணுக்காலுக்கு மேலே நாவல்பழ நிறத்தில் கொப்புளங்கள், உள்ளே ரத்தம் கலந்த நீர். முள் குத்தியது முந்தின நாள் காலை. சர்க்கரை உண்டு, குடியால் கெட்ட ஈரலும் உண்டு. அன்றிரவே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் செத்த சதையை வெட்டி எடுத்தோம். உயிர் தப்பியது, கால் தப்பவில்லை.

உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. கருவாடு கெடாமல் இருக்கிறதே என்பார்கள். கருவாட்டில் உப்பு கொட்டிக் கிடக்கிறது, ஈரமும் இல்லை. கடல் நீரில் இருப்பதோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். அதில் கிருமி சாகாது. ஒரு மில்லி கடல் நீரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள் உண்டு. பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் புண் வழியாக நுழைந்து சதையைச் சாகடிக்கிற விப்ரியோ வல்னிபிகஸ் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு உப்பு எதிரியே இல்லை, உப்பு இல்லாவிட்டால்தான் அது வளராது! அதிலும் ஆற்று நீர் கலந்து உப்பு கொஞ்சம் மட்டுப்பட்ட முகத்துவாரமும் உப்பங்கழியும் அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று, சூடு. 20 டிகிரியைத் தாண்டினால் இந்த விப்ரியோ கூட்டம் மளமளவென்று பெருகி, மெதுவாக வளரும் மற்ற கிருமிகளை முந்திவிடும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இந்தப் புண் தொற்று 1988 முதல் 2018 வரையிலான 30 வருடத்தில் 8 மடங்கானது. வருடத்துக்குச் சுமார் 48 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தது. 2022-ல் இயன் புயல் வெள்ளம் சூழ்ந்த புளோரிடாவில் அந்த ஒரே வருடத்தில் 74 பேருக்கு வந்து 17 பேர் இறந்தார்கள். இதன் பங்காளியான விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், 2004-ல் அலாஸ்காவின் சிப்பிகளிலேயே வந்துவிட்டது. குளிர்நாட்டுக்காரர்கள் கோடையில் மட்டும் பயந்தால் போதும். நம் கரையில் நீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். 2016-ல் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்ததே, அந்தச் சூட்டில் நாம் பார்க்காமல் பெருகியவை எத்தனையோ.

ஈரல் கெட்டவர்கள், சர்க்கரைக்காரர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் கையிலோ காலிலோ திறந்த புண் இருந்தால் கடலில் இறங்காதீர்கள். ஆடி அமாவாசைக்கு நீராடப் போவதை நான் தடுக்கவில்லை, அம்மா. பாதத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குங்கள். உணர்ச்சி மரத்த காலில் புண் இருப்பது உங்களுக்கே தெரியாது. வலை இழுப்பவர்களும் இறால் உரிப்பவர்களும் கையுறை போடுங்கள். கொம்போ கொடுக்கோ குத்தினால் உடனே குழாய்த் தண்ணீரும் சோப்பும். மஞ்சள், காப்பித்தூள், டீசல் எதுவும் வேண்டாம், தயவுசெய்து. சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டிச் சிவந்தாலோ, காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி இருந்தாலோ, நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் இது வந்த ஐந்து பேரில் ஒருவர் இறக்கிறார், சிலர் ஓரிரு நாளிலேயே. வந்ததும் முதல் வார்த்தையாகக் கடல் தண்ணீர் பட்டதைச் சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள், பல பேர் கேட்பதில்லை.

கேட்காத அந்தப் பல பேர் என் இளைய சகாக்கள்தான். கடலோர ஊரில் வேலை பார்த்துக்கொண்டு கல்ச்சர் சீட்டில் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க லேபுக்கு அனுப்பும் சீட்டு) வெறும் "கால் புண்" என்று எழுதி அனுப்பினால் லேபில் எதைத் தேடுவார்கள்? கடல் நீர் பட்ட காயம் என்று எழுதுங்கள். ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். சந்தேகம் வந்ததுமே டாக்சிசைக்ளின், செப்டாசிடிம் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் ஏறட்டும், சர்ஜனுக்கும் அப்போதே போன் போகட்டும்.