15 வர வேணும்: ஒரு விளையாட்டின் பதிப்புகளும் நிகழ்தகவும்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுகிறோம். ஆளுக்கொரு வீரராக மாறிக் கதை சொல்லி ஆடுவது இது, அடி விழுமா தவறுமா என்பதைப் பகடை சொல்லும். 20 முகப் பகடை எங்களிடம் இல்லை. வெறும் பால்மா ரின்னுக்குள் 1 முதல் 20 வரை எழுதிய கடதாசித் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்போம். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான், எந்த எண்ணும் வர 5% வாய்ப்பு. எடுத்த துண்டைத் திரும்பப் போட மட்டும் மறக்கக்கூடாது.

சோகி குலுக்கிப் பழகிய கைக்கு இது புதிது. ஆறு சோகி போட்டால் மூன்று, நான்கு என்று நடு எண்களே அடிக்கடி விழும். ஆறும் மல்லாந்து விழுவது அரிது. 20 முகப் பகடையில் அந்த நடுக் குவியல் இல்லை. அதனால்தான் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் வெற்றி வாய்ப்பு பெரும்பாலும் சரியாக 5% நகர்கிறது. இதை மனதில் வைத்தால் பதிப்புகளின் வேறுபாடு வடிவாக விளங்கும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் 1974-இல் வெளியிட்ட விளையாட்டு இது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் கவசம் திறமாக இருந்தால் அதன் எண் குறையும். கவசமில்லாதவருக்கு 10, சங்கிலிக் கவசத்துக்கு 5. புதிய போர்வீரனின் தாக்குதல் எண் 20. இருபதில் ஐந்தைக் கழித்தால் 15. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் அடி விழும். முதல் நாள் மருமகள் கொப்பியை மூடிவிட்டாள். “கவசம் திறமெண்டா எண் கூடத்தானே வேணும், மாமா?”

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு அவள் சொன்னதைத்தான் செய்தது. சங்கிலிக் கவசம் 10 + 5 = 15. எடுத்த எண்ணோடு உங்கள் திறனைக் கூட்டுங்கள், 15-ஐத் தொட்டால் அடி. திறன் பூச்சியம் என்றால் இரண்டு பதிப்பிலும் வாய்ப்பு அதே 30%. கழித்தல் போய்க் கூட்டல் வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன மாற்றத்தால் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணி விளையாட முடிகிறது. எனக்கு அது பெரிய விசயம்.

2008-இன் நான்காம் பதிப்பை நாங்கள் அதிகம் தொடவில்லை. கட்டம் போட்ட தாளும் காய்களும் இல்லாமல் அதில் சண்டை ஓடாது.

2014-இன் ஐந்தாம் பதிப்பில்தான் கணக்கே மாறியது. மூன்றாம் பதிப்பில் போர்வீரனின் அடிப்படைத் தாக்குதல் திறன் முதல் நிலையில் 1, அனுபவம் கூடக் கூட ஏறி இருபதாம் நிலையில் 20. ஐந்தாம் பதிப்பில் பயிற்சியால் வரும் கூட்டல் 2-இல் தொடங்கி 6-உடன் நின்றுவிடும். இதனால் பெரிய வீரனுக்கும் சின்ன எதிரி ஆபத்தாகவே இருக்கிறான். தகட்டுக் கவசமும் கேடயமும் சேர்ந்தால் 20. கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் கூட்டல் 4. அதற்கு 16 வர வேணும், அதாவது 25%. பத்துக் கோப்ளின்கள் சூழ்ந்தால் சுற்றுக்குச் சராசரியாக இரண்டரை அடி. தனியாக நின்று எல்லோரையும் வெல்ல முடியாது, ஆட்களைச் சேர்க்கத்தான் வேணும். அந்தப் பதிப்பு எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான்.

அதிலுள்ள இன்னொரு விதி, சாதகமான நிலையில் இரண்டு முறை எடுத்துப் பெரிய எண்ணை வைத்துக்கொள்வது. 15 வேண்டுமென்றால் தவறும் வாய்ப்பு 70%. இரண்டு முறையும் தவற 0.7 × 0.7, அதாவது 49%. ஆக வெற்றி 30%-இலிருந்து 51%-க்கு ஏறுகிறது, நான்கு புள்ளிக்கும் சற்று மேலான உதவி. 11 வேண்டிய இடத்தில் 50%, 75% ஆகிறது. அங்கேதான் உதவி மிக அதிகம். 20-தான் வேணும் என்றால் 5%, 9.75% ஆகும்.

போன ஞாயிறு மருமகளின் வீராங்கனை குளக்கட்டின் மேலே நின்று, கீழே நின்ற பூதத்தைக் குறிபார்த்தாள். உயரத்தில் நிற்பதால் சாதகம் கொடுத்தேன். முதல் துண்டு 6. அதை மடித்து ரின்னுக்குள் போட்டு, மூடியை இறுக்கி, வழமையை விட நெடுநேரம் குலுக்கினாள். இரண்டாவது துண்டு 15.