மூச்சைத் தேடிப் போகும் படகு

திமிங்கலம் பார்க்கப் போகும் படகில் முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் வெறும் கடல்தான். ஏறியவர்கள் எல்லோரும் கறுப்பாக ஏதாவது தெரிகிறதா என்று தண்ணீரையே துழாவிக்கொண்டிருப்பார்கள். படகோட்டியின் கண்ணோ அடிவானத்தை ஒட்டியே ஓடும். அவர் தேடுவது திமிங்கலம் விடும் மூச்சை. (அடிவானத்தைப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. படகு ஆடுவதைக் காது உணர்ந்து, கண் உணராமல் போகும்போதுதான் குமட்டல் வரும். அசையாத கோடு ஒன்றைப் பார்த்தால் இரண்டுக்கும் சமாதானம்.)

படப்புத்தகங்களில் திமிங்கலத்தின் தலையிலிருந்து நீரூற்று பீய்ச்சும். உண்மையில் அது நுரையீரலில் இருந்த காற்று. உடம்பின் சூடும் ஈரமும் ஏறிய அந்தக் காற்று, உச்சந்தலையில் உள்ள மூச்சுத்துளை வழியாகப் படுவேகமாக வெளியேறும். வெளியே வந்ததும் விரிந்து குளிர்வதால் ஈரம் பனித்துளியாகிறது. துளையின் மேல் தேங்கி நிற்கும் கடல்நீரும் கொஞ்சம் சளியும் சேர்ந்து சிதறுவதால் வெப்பமண்டலக் கடலிலும் அது வெண்புகைபோலத் தெரிகிறது. காற்று நம் பக்கம் அடித்தால் அழுகிய மீன் நாற்றமும் வரும். விளம்பரப் படங்களில் இதெல்லாம் தெரியாது!

அந்தப் புகையின் வடிவத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். நீலத் திமிங்கலத்தின் மூச்சு 9 மீட்டர் வரை ஒல்லியாக, நேராக எழும்பும். கூன்முதுகுத் திமிங்கலத்தின் மூச்சு 3 மீட்டர் அளவில் புதர்போல் பரவும். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு மூச்சுத்துளை தலையின் முன்பக்கம் இடப்புறமாக இருப்பதால், புகை சாய்ந்து இடது முன்புறம் போகும்.

நாம் சும்மா இருக்கும்போது ஒரு மூச்சில் நுரையீரல் காற்றில் 10 முதல் 15 சதவீதம்தான் மாறுகிறது. திமிங்கலம் ஒரே மூச்சில் 80 சதவீதத்துக்கும் மேல் மாற்றிவிடும். ஆனால் முங்கும்போது அது நம்பியிருப்பது நுரையீரலை அல்ல. ஆக்சிஜனின் பெரும்பங்கு இரத்தத்திலும், தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதத்திலும் சேமிப்பாக இருக்கும். செலவையும் குறைத்துக்கொள்ளும். 2018இல் கலிஃபோர்னியாக் கடலில் ஒரு நீலத் திமிங்கலத்தின் மேல் கருவி ஒட்டி அளந்தபோது, ஆழத்தில் இருக்கையில் அதன் இதயம் சில சமயம் நிமிடத்துக்கு 2 முறைதான் துடித்தது. மேலே வந்து மூச்சு வாங்கும்போது 37 வரை போனது.

சரி, முங்கிய திமிங்கலம் எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரியும்? அது வாலை அடிக்கும்போது கீழிருந்து தண்ணீர் மேலே தள்ளப்பட்டுப் பரவும். அந்த ஓட்டம் சிற்றலைகளை அமுக்கிவிடுவதால் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான ஒரு வட்டம் உருவாகும். வரிசையாக இரண்டு மூன்று வட்டம் தெரிந்தால் அது காலடித் தடம் மாதிரிதான், திசை பிடிபட்டுவிடும்.

இனி, அவை ஏன் வெப்பமண்டலத் தீவுகள் பக்கம் வருகின்றன என்பது. கூன்முதுகுத் திமிங்கலங்களுக்குச் சாப்பாடு குளிர்ந்த கடலில். கோடையில் அலாஸ்கா பக்கம் வயிறு முட்டத் தின்றுவிட்டு, குளிர்காலத்தில் சுமார் 4,800 கி.மீ. நீந்தி ஹவாய்க்கு வரும். அண்டார்க்டிக் பக்கம் தின்பவை தென் பசிபிக்கில் உள்ள டோங்கா போன்ற தீவுகளுக்குப் போகும். வந்த இடத்தில் அவற்றுக்குத் தீனி ஏறக்குறைய எதுவும் கிடையாது. வெப்பமண்டலக் கடல் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதே அதில் மிதக்கும் உயிர்கள் குறைவு என்பதால்தான். நமக்கு அழகு, அவற்றுக்குப் பட்டினி. இருந்தும் இணை சேர்வதும் குட்டி போடுவதும் இங்கேதான். கொழுப்புப் போர்வை இன்னும் தடிக்காத குட்டிக்கு வெதுவெதுப்பு கிடைக்கிறது என்கிறார்கள் சிலர். கொலைகாரத் திமிங்கலங்களின் தொல்லை குறைவு என்கிறார்கள் வேறு சிலர்.

எல்லாத் தீவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. இலங்கையின் தெற்கே, மிரிஸ்ஸ பக்கம், கடலடி சட்டென்று ஆழமாகிறது. அங்கே நீலத் திமிங்கலங்கள் இரை தேடியே வருகின்றன. வெப்பமான கடலில் வயிறாரச் சாப்பிடும் விதிவிலக்கான கூட்டம் அது.

மீண்டும் பட்டினி கிடக்கும் கூன்முதுகுத் தாய்க்கு வருவோம். தான் எதுவும் தின்னாமல், கொழுப்பு மிகுந்த பாலைச் சுரந்து, குட்டியை நாளுக்குச் சுமார் 3 செ.மீ. வளர்க்கிறாள். கோடையில் சேர்த்த கொழுப்புதான் மொத்த முதலும். அதனால் குட்டி பால் குடித்து விளையாடும் நேரம் போக, அவள் செய்யும் முக்கிய வேலை அசையாமல் கிடப்பது.

இந்த இடத்தில்தான் படகின் இன்ஜின் குறுக்கே வருகிறது. துடுப்பு விசிறி வேகமாகச் சுழலும்போது நீரில் குமிழிகள் உருவாகி நொறுங்கும். சத்தத்தில் பெரும்பகுதி அந்த நொறுங்கலால் வருவது. நீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாக, வெகுதூரம் போகும். 2020இல் வெளியான ஆய்வொன்றில், மேற்கு ஆஸ்திரேலியாவில் தாய்–குட்டி ஜோடிகளிடமிருந்து 100 மீட்டர் தூரத்தில் படகை வைத்து, நீருக்கடியில் ஒலிபெருக்கி வைத்துப் பல அளவில் இன்ஜின் சத்தத்தைப் போட்டுப் பார்த்தார்கள். சத்தம் அதிகமாக இருந்தபோது தாய் ஓய்வெடுக்கும் நேரம் 30 சதவீதம் குறைந்தது. மூச்சு விடும் வேகம் இரட்டிப்பானது. பல நாடுகளின் விதிகள் 100 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கின்றன. நல்ல விதிதான், ஆனால் அந்தத் தூரத்தில் நின்றாலும் சத்தமான படகு சத்தமான படகுதான்.

அதனால் படகைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எவ்வளவு பக்கத்தில் கூட்டிப்போவீர்கள்’ என்று கேட்பதைவிட, கண்டதும் வேகத்தைக் குறைப்பார்களா என்று கேட்பது உபயோகமான கேள்வி. குட்டி மட்டும் தெரிந்தால் பொறுமையாக இருங்கள், தாய் கீழேதான் இருப்பாள். சின்ன நுரையீரல் என்பதால் குட்டி சில நிமிடத்துக்கு ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போகும். தாய் கால் மணி நேரம்கூட எடுத்துக்கொள்வாள்.

அப்புறம், படம் எடுப்பதானால் முதுகைக் குறிவைக்க வேண்டாம். முதுகை வளைத்து ஆழமாக முங்கும் கூன்முதுகுத் திமிங்கலம் வாலை மேலே தூக்கும். வாலின் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளைக் கோலம் நம் கைரேகை மாதிரி, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. பயணிகள் எடுக்கும் அப்படங்களை ஹேப்பிவேல் என்ற இணையத் தொகுப்பு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறது. கோடையில் அலாஸ்காவில் தின்றுகொண்டிருந்த அதே திமிங்கலம்தான் இப்போது உங்கள் படகுக்கு முன்னால் மூச்சு விட்டுப்போனது என்று, வீடு திரும்பிய பிறகு உங்களுக்குத் தகவல் வரலாம்.