குறட்டைக்காரர்ட கையில கட்டின வோச் என்னத்தைப் பாக்குது?

வெள்ளவத்தை பிளாட்டுகளில ஒராள் குறட்டை விட்டா பக்கத்து வீட்டுக்கும் கேக்கும், ஆனா பயப்பட வேண்டியது சத்தத்துக்கு இல்ல, சத்தம் திடீரெண்டு நிண்டு பிறகு ஒரு திணறலோட திரும்பி வருதே, அந்த இடைவெளிக்குத்தான். நித்திரையில தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைச்சிடும், நெஞ்சு இழு இழு எண்டு இழுக்கும், காத்து உள்ள போகாது. இதுதான் ஸ்லீப் அப்னியா. 10 செக்கனாவது மூச்சு நிண்டா டொக்டர்மார் அதை ஒண்டு எண்டு எண்ணுவினம், பாதி அடைச்சு ஒட்சிசன் இறங்கினாலும் கணக்குத்தான். மணித்தியாலத்துக்கு 5க்குக் கீழ எண்டா பிரச்சினை இல்ல, 15ஐத் தாண்டினா நடுத்தரம், 30க்கு மேல கடுமை. கன பேருக்குத் தங்களுக்கு இது இருக்கெண்டே தெரியாது, காலமை தலையிடி, காலி வீதி ட்ராபிக்கில பஸ்ஸுக்குள்ள தூங்கி விழுறது, அவ்வளவுதான்.

வோச்சைக் கழட்டிப் பின்பக்கம் பாருங்கோ, பச்சை லைட் ஒண்டு மினுங்கும். இரத்தம் பச்சை வெளிச்சத்தை நல்லா உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் கையில இரத்தம் கூடேக்க திரும்பி வாற வெளிச்சம் குறையும், அதை வச்சு இதயத் துடிப்பை எண்ணுது. ஒட்சிசனுக்கு சிவப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் வேணும், ஏனெண்டா இரத்தத்தில ஒட்சிசனைக் காவுற ஹீமோகுளோபின், ஒட்சிசன் இல்லாதப்போ சிவப்பைக் கூடுதலா உறிஞ்சும், அகச்சிவப்பில கதை மாறி நடக்கும், ரெண்டுக்கும் உள்ள விகிதத்தில இருந்து இரத்தத்தில இருக்கிற ஒட்சிசன்ட சதவீதம் வருது. 1970களில ஜப்பான்காரர் டகுவோ அவோயாகி கண்டுபிடிச்ச வழி இது. மூச்சு நிண்டு கொஞ்சம் பிந்தித்தான் ஒட்சிசன் இறங்கும், திணறி எழும்பினவுடன ஏறும், திரும்ப இறங்கும், கிராப் வாள்பல்லு மாதிரி வரும்.

எல்லாக் கம்பனியும் இதே வழியில போகேல்ல. சாம்சங் ஒட்சிசனைப் பாக்குது. அப்பிள் மூச்சோட சேர்ந்து மணிக்கட்டில வாற சின்னச் சின்ன அசைவை 30 நாள் சேர்த்துப் பாக்குது. ரெண்டுக்கும் 2024இல அமெரிக்காவில மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்கிற அரச அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்தது, ஆனா நடுத்தர, கடுமையான அப்னியாவுக்கு அறிகுறி இருக்கெண்டு சொல்ல மட்டும்தான், வருத்தம் இதுதான் எண்டு முடிவு சொல்ல இல்ல.

டீப் ஸ்லீப் இத்தனை வீதம் எண்டு காலமை காட்டுறதை நான் பெரிசா எடுக்கிறேல்ல. நித்திரைட கட்டங்களைப் பிரிக்க மூளை அலை வேணும், அதுக்குத் தலையில வயர் ஒட்டோணும், வோச் துடிப்பையும் அசைவையும் வச்சு ஊகிக்குது. ஆடாம அசையாம முழிச்சுக் கிடந்தாலும் நித்திரை எண்டு எழுதிப் போடும்! இன்னொண்டு, கறுப்புத் தோலில ஒட்சிசன் அளக்கிற மெசின் உண்மையை விடக் கூடக் காட்டலாம் எண்டு 2020இல அமெரிக்க ஆஸ்பத்திரி ஆய்வு ஒண்டு காட்டினது, எங்கட ஆக்கள் இதை மறக்கக் கூடாது. பட்டி லூஸா இருந்தாலும், கைக்கு மேல படுத்தாலும் கணக்குப் பிழைக்கும்.

அதால வோச் ஒண்டும் சொல்லேல்ல எண்டு நிம்மதியா இருக்கேலாது. குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தா டொக்டரிட்ட போய், வோச் கிராப்போட வீட்டு ஆக்கள் போனில ரெக்கோர்ட் பண்ணின குறட்டையையும் காட்டுங்கோ, ஸ்லீப் ஸ்டடி, அதாவது நித்திரை கொள்ளேக்க செய்யிற பரிசோதனை, தேவையோ எண்டு அவர் முடிவெடுப்பார்.