யார் கலைத்தது?

என் தங்கைக்கு மூன்றாவது மாதத்தில் கரு கலைந்துவிட்டது. அடுப்படியில் நின்று, தொலைபேசியில், தாழ்ந்த குரலில் பெரியவர்கள் அதைப் பேசிக்கொண்டிருந்தோம். கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த அவள் மகளுக்கு அப்போது நான்கரை வயது. அவள் காதில் விழாது என்று எப்படி நினைத்தோமோ தெரியவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, "பெரியம்மா, பாப்பாவை யார் கலைத்தது?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் உறைத்தது. அவளுக்குத் தெரிந்த 'கலைதல்' வாசலில் நடப்பது. கோலத்தின்மேல் ஓடினால் கோலம் கலையும். கலைத்தவருக்குப் பாட்டியிடம் திட்டு விழும். அநேகமாக அது அவள்தான். அதே வாரத்தில் அம்மாவின் மடியில் தொப்பென்று குதித்து, "வயிற்றில் பாப்பா இருக்கிறது, பார்த்து!" என்று அதட்டலும் வாங்கியிருந்தாள். குற்றவாளி யார் என்று அறிய அவள் கேட்கவில்லை. தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்களா என்று பார்க்கத்தான் கேட்டாள்.

சிறு குழந்தைகள் இப்படித்தான் காரணம் தேடுகிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கதை வரும். ஆப்பிள் திருடிய சிறுவன் தப்பி ஓடுகிறான். மரப்பாலம் உடைந்து ஆற்றில் விழுகிறான். திருடாமல் வந்திருந்தால் விழுந்திருப்பானா என்று கேட்டால், சின்னவர்களில் பெரும்பாலோர் விழுந்திருக்க மாட்டான் என்றார்கள். பாலம் உளுத்துப்போயிருந்தது அவர்களுக்குப் பொருட்டே அல்ல. தப்பு நடந்தது, தண்டனை வந்தது, அவ்வளவுதான். "எனக்குத் தம்பிப் பாப்பா வேண்டாம்" என்று என்றோ ஒருநாள் கோபத்தில் சொன்ன பிள்ளைக்கு, பாப்பா வராமல் போனதும் கணக்கு எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

மரணம் என்பது நமக்கு ஒரே சொல், ஒரே பொருள். குழந்தைக்கு அது துண்டு துண்டாக வந்து சேர்கிறது. 1948இல் ஹங்கேரியின் மரியா நாகி, புடாபெஸ்ட் பகுதியில் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் கேட்டு எழுதிய ஆய்வு இத்துறையில் முன்னோடி. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மரணம் ஒரு பயணம், அல்லது தூக்கம். போனவர் வேறெங்கோ இருக்கிறார், வரக்கூடும். 1984இல் மார்க் ஸ்பீஸும் சாண்டோர் ப்ரென்ட்டும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, குழந்தை மூன்று விஷயங்களைத் தனித்தனியே கற்கிறது என்றார்கள். இறந்தவர் திரும்ப வரமாட்டார். அவர் உடம்பில் எதுவும் இயங்காது; பசிக்காது, குளிராது, வலிக்காது. உயிருள்ள எல்லாமே ஒருநாள் இறக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையே பிடிபடுகின்றன.

இதைத் தெரிந்துகொண்டு நம் ஆறுதல் வார்த்தைகளைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. "பாப்பா தூங்குகிறது" என்றால் முதல் இரண்டும் உடைகின்றன; கூடவே இரவில் கண்ணை மூடப் பயமும் வரலாம். "சாமியிடம் போய்விட்டது" என்று பாட்டி சொன்னதைக் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் குட்டி இரண்டு வாரம் பிள்ளையார் கோவிலுக்கு வர மறுத்தாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர் அங்கேதானே இருக்கிறார்! பாட்டியின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. உடம்பு நின்றுவிட்டது என்பது புரிந்த பிறகு சாமியைச் சொன்னால் அது ஆறுதல். அதற்குப் பதிலாகச் சொன்னால் அது புதிர்.

கருச்சிதைவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாத்தா இறந்தால் காலியான நாற்காலியாவது இருக்கிறது. இந்தப் பாப்பாவைக் குழந்தை பார்த்ததே இல்லை. போதாக்குறைக்குத் தமிழில் சோறு போகும் இடமும் வயிறு, பாப்பா இருக்கும் இடமும் வயிறு. அம்மா சாப்பிட்டதோடு சேர்த்துப் பாப்பாவும் செரித்துவிட்டதோ என்று ஒரு பிள்ளை நினைத்தால் தவறு பிள்ளையுடையது அல்ல. 'பாப்பா வளர்வதற்கென்றே அம்மா உடம்புக்குள் தனியாக ஒரு பை இருக்கிறது' என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

உடம்பைப் பற்றிப் பேசுவதுதான் நல்ல வழி என்பதற்குச் சான்றும் இருக்கிறது. ஆஸ்திரேலிய உளவியலாளர் வர்ஜீனியா ஸ்லாட்டரும் அவர் சகாவும் பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய குழந்தைகளுக்கு, இதயம் எதற்கு, மூச்சு எதற்கு என்று உடம்பு இயங்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். மரணத்தைப் பற்றிய அவர்களின் புரிதலும் அதோடு தெளிந்ததாக 2003இல் எழுதினார்கள். மரணம் நன்றாகப் புரிந்த பிள்ளைகளுக்கு அதைப் பற்றிய பயம் குறைவாக இருந்தது என்பது 2007இல் வந்த அடுத்த ஆய்வு. மறைத்தால் பயம் குறையும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு நேர் எதிர்.

சரி, உண்மையில் யார் கலைத்தது? யாரும் இல்லை. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தாமாகவே கலைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள். இந்த ஆரம்பகாலச் சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், உடம்பை உருவாக்கும் மரபுக் குறிப்புகளைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 வரவேண்டிய இடத்தில் ஒன்று கூடியோ குறைந்தோ வந்துவிடும். கருவால் ஓர் அளவுக்குமேல் வளர முடியாது. மடியில் குதித்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. மூன்றாம் மாதத்தில் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்தான் பத்திரமாக இருக்கிறது.

இதைக் குழந்தைக்குச் சொல்ல எனக்கு ஓர் உவமை கிடைத்தது; உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது. "புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தப்பாகிவிட்டால் கோடு சேராதே, அதுபோல. யாரும் மிதிக்கவில்லை, புள்ளிதான் தப்பாக விழுந்துவிட்டது" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "புள்ளி வைத்தது அம்மாவா?"

உவமைகளை அன்றோடு விட்டுவிட்டேன். அவள் அம்மாவே பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள்: "பாப்பா ரொம்பச் சின்னதாக இருந்தபோதே அதன் உடம்பு சரியாக உருவாகவில்லை. இதயம் நின்றுவிட்டது. பாப்பா இறந்துவிட்டது, திரும்ப வராது. நீ குதித்ததால் இல்லை, நீ சொன்னதால் இல்லை, அம்மா எதுவும் செய்ததாலும் இல்லை. எனக்கு அழுகை வருகிறது, ஏனென்றால் எனக்குப் பாப்பா வேண்டும் என்று இருந்தது." 'உடம்பு சரியில்லாமல்' என்ற சொல்லை அவள் கவனமாகத் தவிர்த்தாள். தவிர்க்காவிட்டால் அடுத்த சளிக்காய்ச்சலில் பிள்ளை தன் சாவை எதிர்பார்த்துப் படுத்திருக்கும்.

கேட்டு முடித்ததும் குட்டி, "தோசை இருக்கிறதா?" என்றாள். தங்கையின் மாமியாருக்கு அது மனக்கஷ்டம். ஆனால் சிறு பிள்ளைகளால் துக்கத்தை நீண்ட நேரம் தாங்க முடியாது; கொஞ்சம் எடுப்பார்கள், இறக்கிவைத்துவிட்டு விளையாடுவார்கள், மறுபடி வந்து எடுப்பார்கள். பேச்சில் வராதது உடம்பில் வரும். விட்டுப்போன விரல் சூப்பல் திரும்பியது. இரண்டு இரவு படுக்கை நனைந்தது. பேசவே தெரியாத கைக்குழந்தைகூடத் தப்பாது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் செய்த சோதனையில், தாய் சில நிமிடம் முகத்தை உணர்ச்சியே இல்லாமல் வைத்திருந்தாலே குழந்தை சிரித்தும் கையை நீட்டியும் அவளை மீட்கப் பார்த்தது. பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒருமுறை சொன்னால் போதாது என்பதையும் பிறகு கண்டோம். குளிக்கும்போது, பஸ்ஸில், மீன் வாங்கும்போது, அதே கேள்விகள். வார்த்தை மாறாமல் அதே பதிலைச் சொன்னோம்.

மறுவருடம் தங்கை மறுபடி உண்டானாள். குட்டி அம்மாவின் வயிற்றைத் தொடாமல், எட்டி நின்றே கேட்டாள்: "இதன் இதயம் துடிக்கிறதா?"

"நேற்று ஸ்கேனில் பார்த்தேன். துடிக்கிறது."

"நின்றுவிடுமா?"

"நிற்காது என்று நினைக்கிறேன். நின்றால் உன்னிடம் சொல்வேன்."

அவள் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.