நள்ளிரவுக் கூத்தும் நூற்றெட்டு மெகாபிக்சலும்

அக்காவின் மகன் புதுப் போன் வாங்கப் போகிறான். கடையில் கொடுத்த மூன்று விளம்பரத் தாள்களை என் மேசையில் பரப்பினான். "மாமா, இது நூற்றெட்டு மெகாபிக்சல், இது ஐம்பது, இது பன்னிரண்டு. நூற்றெட்டுத்தானே நல்லது? விலையும் குறைவு." கோயிலில் நூற்றெட்டுப் போற்றி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த எண்ணில் ஒரு பக்தி இருப்பது இயல்புதான். நான் வாதாடவில்லை. சனிக்கிழமை இரவு மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், படுவான்கரையில் ஓர் ஊரில் வடமோடி நாட்டுக்கூத்து அரங்கேற்றம் இருந்தது. நூற்றெட்டு மெகாபிக்சல் போன் வைத்திருக்கும் அவனுடைய கூட்டாளியையும் அழைத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

சூரியன் எழும் கரை எழுவான்கரை, படும் கரை படுவான்கரை என்று வெளிச்சத்தைக் கொண்டே ஊரைப் பிரித்துப் பெயர் வைத்த மக்கள் நாங்கள். கமரா வாங்கப் போகும்போது மட்டும் வெளிச்சத்தை மறந்துவிட்டு எண்களைப் பிடித்துக்கொள்கிறோம்.

பாசிக்குடாக் கடலையோ கல்லடிப் பாலத்தையோ பகலில் எந்தப் போனில் எடுத்தாலும் படம் அழகாகத்தான் வரும். அந்தப் பெருமை பெரும்பாலும் சூரியனுக்கு உரியது. நடுப்பகல் வெயிலில் ஓர் இலட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் கொட்டுகிறது. கூத்துக் களரியைச் சுற்றிக் கட்டிய மின்குமிழ்களின் கீழ் நூறு லக்ஸ் கிடைத்தாலே அதிகம். ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மங்கலில் அரசன் சுழன்று சுழன்று ஆடுகிறான், அவன் உடுத்த கரப்புடுப்பில் பதித்த கண்ணாடித் துண்டுகள் மின்னுகின்றன, நாங்களோ பின்வரிசையில் பாய் விரித்து இருக்கிறோம். இருட்டு, அசைவு, பளபளப்பு, தூரம் என்று கமராவுக்கு ஆகாத நான்கும் ஒரே இடத்தில் கூடிவிட்டன. போனைச் சோதிக்க இதைவிடக் கொடிய இடம் எனக்குத் தெரியாது.

கூட்டாளி எடுத்த படத்தில் அரசனின் முகம் மெழுகில் வார்த்ததுபோல் இருந்தது. தாடி முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூச்சு மாதிரி தெரிந்தன. வாள் பிடித்த கை புகையாகிவிட்டது. "நூற்றெட்டு எங்கே போயிற்று?" என்று மருமகன் கேட்டான்.

கமரா வில்லைக்குப் பின்னால் விரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கன் தகடு ஒன்று இருக்கிறது. கடைகளில் சென்சர் என்பார்கள். நாம் உணரி என்று வைத்துக்கொள்வோம். கையால் விதை எறிந்து விதைக்கும் வயல் போன்றது அது. விழும் விதைகள் ஒளித்துகள்கள். வயலை வரம்பு கட்டிச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எத்தனை விதை விழுந்தது என்று எண்ணிக் குறித்தால் அதுதான் படம். ஒரு துண்டுக்கு ஒரு பிக்சல். பத்து இலட்சம் துண்டு ஒரு மெகாபிக்சல்.

எவ்வளவு கைதேர்ந்தவர் எறிந்தாலும் விதை எல்லாத் துண்டிலும் ஒரே அளவாக விழாது. சராசரியாகப் பத்தாயிரம் மணி விழும் துண்டுகளுக்கிடையே ஏறத்தாழ நூறு மணி கூடக் குறைய இருக்கும். நூற்றுக்கு ஒன்று என்பது கண்ணுக்குத் தெரியாது. சராசரி நூறு மணியானால் வித்தியாசம் பத்து, அதாவது நூற்றுக்குப் பத்து. சராசரி நான்கே மணியானால் ஒரு துண்டில் ஆறு, பக்கத்துத் துண்டில் இரண்டு என்று வயல் திட்டுத் திட்டாகிவிடும். சராசரியின் வர்க்கமூலம் எவ்வளவோ, ஏற்றத்தாழ்வும் அவ்வளவு. ஒளித்துகள்கள் வந்து விழுவதும் இதே கணக்கில்தான். இருட்டில் எடுத்த படம் மணல் தூவியதுபோல் இருப்பதற்கு முதற் காரணம் ஒளியின் இந்த இயல்பு. எத்தனை இலட்ச ரூபாய் கொடுத்தாலும் இதை ஒழிக்க முடியாது. அதிக விதையைப் பிடிப்பது ஒன்றே வழி.

ஒரே ஏக்கரைப் பன்னிரண்டு துண்டாக்குவதற்குப் பதில் நூற்றெட்டுத் துண்டாக்கினால் விதை கூடிவிடுமா? துண்டுக்கு விழுவது ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். நூற்றெட்டு மெகாபிக்சல் உணரிகளில் ஒரு பிக்சலின் அகலம் 0.7, 0.8 மைக்ரோமீற்றர் அளவுதான். மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீற்றர். சிவப்பு ஒளியின் அலைநீளமே ஏறத்தாழ 0.7. இனியும் சிறிதாக்கினால் பிக்சல் அந்த அலைநீளத்தைவிடச் சிறிதாகிவிடும். தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால் அறுவடையின்போது வரம்புகளை மறந்துவிட்டு, ஒன்பது துண்டின் நெல்லையும் ஒரே சூடாகக் குவிக்கிறார்கள். நூற்றெட்டை ஒன்பதால் வகுத்தால் பன்னிரண்டு. ஆம், அந்த வகைப் போன்களில் பெரும்பாலானவை அமைப்பை நீங்களாக மாற்றாதவரை பன்னிரண்டு மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. ஐம்பது என்பது நான்கால் வகுபட்டுப் பன்னிரண்டரை ஆகிறது. இருநூறு பதினாறால் வகுபட்டு அதே பன்னிரண்டரையில் வந்து நிற்கிறது. மருமகன் மேசையில் பரப்பிய மூன்று தாள்களும் ஏறக்குறைய ஒரே அளவு படத்துக்கான மூன்று விளம்பரங்கள்.

இது புதிய தந்திரமும் அல்ல. 2012இல் வந்த நொக்கியா 808 என்ற போன் 41 மெகாபிக்சல் உணரியை வைத்துக்கொண்டு வழக்கமாக 5 மெகாபிக்சல் படத்தைக் கொடுத்தது.

பகல் வெயிலிலாவது நூற்றெட்டையும் திறந்துவிடலாமே என்றால், அங்கே வில்லை குறுக்கே நிற்கிறது. ஒளி அலையாக இருப்பதால், குறையே இல்லாத வில்லைகூட ஒரு புள்ளியை புள்ளியாகக் குவிக்காது. சிறு வட்டமாகத்தான் குவிக்கும். போன் வில்லைகளில் ஒளி நுழையும் துவாரத்தின் வழக்கமான அளவான எஃப் 1.8இல் பச்சை ஒளியின் அந்த வட்டம் 2.4 மைக்ரோமீற்றர் அகலம். 0.8 மைக்ரோமீற்றர் பிக்சல்கள் மூன்றை அடுக்கினால் எவ்வளவு? அதே 2.4. மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது பிக்சல்களையும் ஒரே ஒளிப்புள்ளி மூடிவிடுகிறது. நிறத்திலும் இதே கதை. உணரிக்குத் தானாக நிறம் தெரியாது. 1976இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற முறைப்படி பிக்சல்களின்மேல் பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம் என்று வடிகட்டிகளைப் பதிக்கிறார்கள். நூற்றெட்டு மெகாபிக்சல் உணரியில் ஒன்பது பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிற வடிகட்டி. நூற்றெட்டையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னால் போன் நிறங்களில் பெரும்பகுதியை ஊகித்துத்தான் நிரப்பியாக வேண்டும்.

அப்படியானால் எந்த எண்ணைப் பார்ப்பது? என்னைக் கேட்டால் வயலின் பரப்பை. விபரத்தாளில் 1/1.3, 1/1.67, 1/2.55 என்று பின்னமாக அங்குலத்தில் எழுதியிருப்பார்கள். கீழே உள்ள எண் சிறிதாக இருந்தால் உணரி பெரிது. இந்த அங்குலம் உண்மையான அங்குலமும் இல்லை. 1950களின் தொலைக்காட்சிக் கமராக்களில் படத்தைப் பிடித்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து அளந்த பழக்கம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் அங்குல உணரி எனப்படுவது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், மூலைவிட்டத்தில் அளந்தாலும் 16 மில்லிமீற்றர் வராது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். அது 1/2.55 வகையைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு பரப்பு, அதாவது ஐந்து மடங்கு விதை.

அடுத்தது துவாரம். எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது, வெளிச்சம் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். எஃப் 2.4ஐவிட எஃப் 1.8 ஏறத்தாழ 1.8 மடங்கு ஒளியை விடுகிறது. முதன்மைக் கமராவைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் உணரியும் சிறிது, துவாரமும் சிறிது. அதனால் இருட்டில் நீங்கள் மூன்று மடங்கு உருப்பெருக்கத்தைத் தொட்டாலும், சில போன்கள் தூரக் கமராவைத் திறக்காமல் முதன்மைக் கமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. சந்தேகமானால் முதன்மை வில்லையை விரலால் மூடிப் பாருங்கள். திரை கறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கூட்டாளியின் போன் மாட்டிக்கொண்டது. மலிவுப் போன்களின் முதுகில் எண்ணிக்கை கூட்டுவதற்கென்றே பதித்த, மிக அருகில் இருப்பதை எடுக்கும் 2 மெகாபிக்சல் மக்ரோ கமராக்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க மாட்டேன்.

அரசனின் கை புகையானதற்குக் காரணம் நேரம். வெளிச்சம் போதாவிட்டால் போன் நீண்ட நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். நொடிக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் வீசும் கை, 1/20 நொடிக்குள் பத்து சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1/250 நொடியானால் எட்டு மில்லிமீற்றர்தான். விளம்பரங்களில் ஓ.ஐ.எஸ். என்று வரும் ஒளியியல் நிலைப்படுத்தல் இங்கே என்ன செய்யும் என்பதில் பலருக்கும் மயக்கம். அதில் சிறு காந்தங்களும் கம்பிச்சுருளும் சேர்ந்து, உங்கள் கை நடுங்கும் திசைக்கு எதிராக வில்லையை அசைக்கின்றன. படம் எடுப்பவரின் நடுக்கத்தை அது அடக்கும். ஆடுபவரின் ஆட்டத்தை அடக்காது. பின்னணியில் இருந்த பந்தற்கால்கூட கூட்டாளியின் படத்தில் கலங்கியிருந்தது, அந்தப் போனில் ஓ.ஐ.எஸ். இல்லாததால். என் பழைய போனில் பந்தற்கால் தெளிவாக வந்தது, அரசன் மட்டும் ஆவியாக நின்றான். நானும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இதற்குக் கூத்துத் தெரிந்தவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. தாளக்கட்டு முடிந்து ஆட்டம் நிற்கும் கணத்தை மத்தளம் முன்கூட்டியே சொல்லிவிடும். அப்போது அழுத்தினால் எந்தப் போனும் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளும்.

இன்று பாதி வேலையைச் செய்வது வில்லையும் உணரியும் அல்ல, கணக்கு. கமராவைத் திறந்த உடனேயே பல போன்கள் படங்களை எடுத்து எடுத்துத் தற்காலிக நினைவில் போடத் தொடங்கிவிடுகின்றன. நீங்கள் அழுத்தும்போது அவற்றில் பலவற்றை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுக்கின்றன. ஒன்பது படங்களைச் சேர்த்தால் மணல் தூவல் மூன்றில் ஒன்றாகக் குறையும், மறுபடியும் வர்க்கமூலம். ஒவ்வொன்றையும் சற்று இருட்டாகவே எடுத்துச் சேர்ப்பதால் கரப்புடுப்பின் கண்ணாடித் துண்டுகள் வெள்ளைத் திட்டாக வெளிறிப்போகாமல் தப்புகின்றன. கூகுள் இதை 2013இல் நெக்சஸ் 5 போனில் தொடங்கி, 2018இல் இரவுப் படமுறையாக வளர்த்தது. படங்களுக்கிடையே அசையும் பொருளை எப்படிப் பொருத்துவது என்பதில்தான் நல்ல போனும் மட்டமான போனும் பிரிகின்றன. மட்டமானது மணலைத் துடைக்கும் சாக்கில் தாடியையும் தோலின் துவாரங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். மெழுகு முகம் வந்தது அப்படித்தான்.

தோல் என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் ஊர்க் கறுப்பை வெளிறச் செய்வதை அழகு என்று எண்ணிக்கொள்ளும் போன்கள்மேல் எனக்குத் தீராத கோபம். பழைய நோய் இது. படச்சுருள் காலத்தில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகம். ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். 2021இல் பிக்சல் 6 போனோடு கூகுள் கறுத்த தோலைச் சரியாகக் காட்டும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு சமூகவியலாளர் எலிஸ் மங்க் வகுத்த பத்து நிற அளவுகோலையும் வெளியிட்டது. கடையில் போனைக் கையில் எடுத்தால் முதலில் அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு, சன்னலோரம் நிற்கும் கூட்டாளியைப் படம் பிடியுங்கள். அவர் அவராகவே வருகிறாரா என்று பார்த்தால் போதும். பிறகு மேசைக்குக் கீழே இருக்கும் இருட்டை ஒரு படம், ஓடும் மின்விசிறியை ஒரு படம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

நிலாவைக் காட்டிப் போன் விற்பவர்களிடம் மட்டும் கவனம். 2023இல் ஒருவர் வேண்டுமென்றே கலங்கச் செய்த நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்துச் சாம்சங் போனால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் எல்லாம் போனின் படத்தில் வந்தன. நிலா எப்போதும் ஒரே முகத்தையே பூமிக்குக் காட்டுவதால், அதை மனப்பாடம் செய்த நிரலுக்கு இட்டு நிரப்புவது எளிது. கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமியன்று தோணியில் போய்ப் பாடும் மீனைக் கேட்பவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம். வாவித் தண்ணீரில் உடையும் நிலாவை எந்த நிரலும் மனப்பாடம் செய்ய முடியாது. சோதிப்பதானால் அதைப் படம் எடுங்கள்.

மருமகன் கடைசியில் வாங்கியது ஐம்பது மெகாபிக்சல் போன். ஐம்பதுக்காக அல்ல, மூன்றில் பெரிய உணரியும் ஓ.ஐ.எஸ்.ஸும் அதில்தான் இருந்தன. அடுத்த கூத்துக்குக் கொண்டுவந்தான். முதல் படம் புகைமூட்டமாக வந்தது. வில்லையில் வடை தின்ற விரலின் எண்ணெய். சாரத்தின் தலைப்பால் துடைத்துவிட்டு, மத்தளம் நிற்கும் கணத்துக்காகக் காத்திருந்து எடுத்தான். தாடி மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. விடியற்காலையில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் பார்த்துவிட்டு, "தம்பி, அதை எனக்கு அனுப்பிவிடும்" என்றார். அங்கேயே வட்ஸ்அப்பில் அனுப்பினான். வழக்கமான முறையில் அனுப்பினால் அது படத்தின் நீண்ட பக்கத்தை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும். பன்னிரண்டரை மெகாபிக்சலாக எடுத்த அரசன் இரண்டு மெகாபிக்சலுக்கும் குறைவாக அண்ணாவியாரின் கைக்குப் போய்ச் சேர்ந்தான். அவர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, மணிமுடி சற்றுச் சரிந்திருக்கிறது என்று அரசனைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.